மாரிக்கு ஏற்ற மணம்

ஐப்பசி பிறந்ததும் கீழைக் கரையிலே காற்றுத் திசை மாறுகின்றது. வைகாசி தொடங்கி ஆவணி ஈறாக மேற்கேயிருந்து வறண்டு வீசிய கச்சான் ஓய்கின்றது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வாடை வந்து சேர்கின்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடரும் ஊர்களிலே முற்றங்கள் நனைந்து கிடக்கின்றன. மேற்கே வயல்வெளிகளிற் பெரும்போக நெற்பயிர் தலையெடுக்கின்றது. மட்டக்களப்புப் பகுதியிலே ஓர் ஆண்டிற் பெய்யும் ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களுக்குள்ளே பெய்து தீர்ந்துவிடுகின்றது.

இக்காலத்தைக் குளிர்காலம் என்றால் மேலைநாட்டார் நகைப்பர். சனவரி மாதத்து இரவிலே வெப்பநிலை 23 பாகை செல்சியசு அளவிற்கே இறங்குகின்றது. ஆயினும், கச்சான் காலத்து நண்பகலில் 34 பாகை வெயிலிற் காய்ந்த உடலுக்கு இந்த ஈரவாடை குளிரே. கொடியிலே போட்ட துணி இரண்டு நாள் சென்றும் காய்வதில்லை. தலை முழுகிய பெண்ணின் கூந்தல் மாலைவரை ஈரம் விடுவதில்லை. பெட்டியில் மடித்து வைத்த சேலையிலே பூஞ்சணத்தின் வாடை ஏறுகின்றது. இந்நாட்களிலேதான் வீட்டின் மூத்த பெண்கள் அலுமாரியின் உட்புறத்திலிருந்து சிறு கண்ணாடிக் குப்பிகளை வெளியே எடுக்கின்றனர். மல்லிகை அத்தரும் உரோசா அத்தரும் பின்னே தள்ளப்படுகின்றன. சந்தன அத்தரும் ஊதும் முன்னே வருகின்றன. தணலிட்ட சட்டியிலே சாம்பிராணியும், வசதி உள்ள வீடுகளில் ஒரு துண்டு அகிற்கட்டையும் இடப்படுகின்றன.

கோடைக்குப் பூமணம், மாரிக்கு மரமணம் என்னும் இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது? அது வெறும் வழக்கமா, அன்றி அதற்கொரு காரணம் உண்டா? வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்கள் கொண்டுவந்த புதுமையா, அன்றி இம்மண்ணிற்கே உரிய பழைய அறிவா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது பயனுடையது. ஏனெனில், இந்த மணத்திற்காகப் பெண்கள் தம் உழைப்பின் ஊதியத்தைச் செலவிடுகின்றனர். இந்த மணத்திற்காகவே காடுகளில் மரங்கள் மாய்கின்றன.

முதலிற் பழமையை நோக்குவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் பாடினார். பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் இருக்க, அரசி அரண்மனையிலே தனித்திருக்கும் கூதிர்காலத்து இரவே அப்பாட்டின் களம். வாடை வீசத் தொடங்கியதும் மகளிரின் ஒப்பனை எவ்வாறு மாறிற்று என்பதைப் புலவர் நுணுக்கமாகக் கூறுகின்றார். வடநாட்டார் கொண்டுவந்து தந்த சந்தனம் அரைக்கும் வட்டக்கல், தென்னாட்டுச் சந்தனத்தோடு சேர்ந்து பயனின்றிக் கிடக்கின்றது. கூந்தலிலே மாலை சூடும் பெண்கள் அதனைத் தவிர்த்து, சில மலர்களை மட்டுமே அணிகின்றனர். நறுமண விறகிலே நெருப்பு மூட்டி, வயிரம் பாய்ந்த அகிற்கட்டையை அதில் இட்டுப் புகைக்கின்றனர். கல்முனையிலே இன்று அத்தர்க் குப்பிகள் இடம் மாறுவதற்கும், அன்று மதுரையிலே சந்தனக்கல் ஓய்ந்து அகிற்புகை எழுந்ததற்கும் இடையே பதினேழு பதினெட்டு நூற்றாண்டுகள் உள்ளன. எனினும், பருவம் அறிந்து மணத்தை மாற்றும் அறிவு ஒன்றே.

சிலப்பதிகாரமும் இதற்குச் சான்று பகர்கின்றது. மதுரைக் காண்டத்து ஊர்காண் காதையிலே, கீழைக் கடலின் வழியாகக் கப்பல்களில் வந்த பொருள்களைக் கூறும் இளங்கோவடிகள், அகிலையும் ஆடையையும் சந்தனத்தையும் கருப்பூரத்தையும் கொண்டற் காற்றோடு சேர்த்துக் கூறுகின்றார். கொண்டல் என்பது கீழ்க்காற்று. அகில் கிழக்கேயிருந்து வந்தது என்னும் வணிக உண்மை அவ்வடிகளுள் அடங்கியுள்ளது.

ஆம்; அகில் கிழக்கின் மரம். அசாமிலிருந்து பர்மா, சயாம், கம்போடியா, வியட்நாம், மலாயா, சுமத்திரா வரையுள்ள மழைக்காடுகளே அதன் தாயகம். அறபு நாட்டிலே அகில் விளைவதில்லை. அறபு வணிகர்கள் அதனைக் கீழைக் கடல்களிலே வாங்கினர். இலங்கை, மலையாளக் கரை, காயல் முதலிய துறைகளைக் கடந்து மேற்கே கொண்டு சென்றனர். அவர்கள் அதனை ஊது என்றனர். அம்மொழியிலே அச்சொல்லுக்கு மரக்கட்டை என்பதே பொருள். கட்டைகளுள் எல்லாம் சிறந்த கட்டை என்னும் கருத்திலே அப்பொதுச்சொல் இதற்கே சிறப்புப் பெயராயிற்று. தமிழர் நாள்தோறும் வழங்கும் ஊதுபத்தி என்னும் சொல்லிலும் இந்த ஊதே ஒளிந்திருக்கின்றது. அதற்கும் வாயால் ஊதுதலுக்கும் தொடர்பில்லை. ஊது சேர்த்துச் செய்த திரி என்பதே அதன் பொருள். போர்த்துக்கேயரோ, அகில் என்ற பெயரைத் தம் மொழியிலே கழுகைக் குறிக்கும் சொல்லாக மயங்கினர். அம்மயக்கம் பற்றியே ஆங்கிலத்திலும் அதற்குக் கழுகுமரம் எனப் பொருள்படும் பெயர் ஏற்பட்டது. சொல் ஊர் ஊராய் அலைந்த கதை, பொருள் அலைந்த வழியை நமக்குக் காட்டுகின்றது.

ஆகவே, வளைகுடாவிலிருந்து திரும்பும் ஒருவர் தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஊதுக் குப்பி கீழைக் கரைக்குப் புதிய விருந்தாளி அன்று. நெடும்பயணம் சென்று, வேற்று உடை உடுத்தி, வேற்றுப் பெயர் பூண்டு வீடு திரும்பிய பழைய உறவு அது.

இனி, மரமணம் மாரிக்கு ஏன் பொருந்துகின்றது என்பதை ஆராய்வோம். மணம் என்பது ஒரு பொருளிலிருந்து பிரிந்து காற்றிற் கலந்து மூக்கை அடையும் நுண்ணிய மூலக்கூறுகளின் செயல். சிறிய மூலக்கூறு எளிதில் ஆவியாகும். பெரியது மெல்ல ஆவியாகும். எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் தோலிலே உள்ள இலிமொனீன் என்னும் பொருளிற் பத்துக் காபன் அணுக்கள் உண்டு. அது 176 பாகையிலே கொதிக்கின்றது. சந்தன எண்ணெயின் சிறப்புக்கூறாகிய சந்தலோலிற் பதினைந்து காபன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் உண்டு. அது கொதிக்க 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அகிலின் பிசினிலும் இத்தகைய கனத்த மூலக்கூறுகளே நிறைந்துள்ளன. எலுமிச்சை மணம் தோலிலே பூசிய சிறிது நேரத்தில் மறைந்துவிடுதற்கும், சந்தனமும் ஊதும் மறுநாட் காலையிலும் துணியிற் கமழ்தற்கும் இதுவே காரணம்.

மணப்பொருள் செய்வோர் ஒரு கலவையைத் தலைமணம், நடுமணம், அடிமணம் என மூவகையாகப் பகுப்பர். பழத்தோல்களும் சில இலைகளும் தலைமணம் தருவன. மலர்கள் பெரும்பாலும் நடுமணம். மரம், பிசின், கத்தூரி முதலியன அடிமணம். கோடை வெயிலிலே உடலின் சூடும் வியர்வையும் கூடி, அடிமணத்தையும் விரைந்து எழுப்பிவிடுகின்றன. அப்போது ஊது நறுமணமாகத் தோன்றாது. நெஞ்சை அடைக்கும் பாரமாகத் தோன்றும். மாரியிலோ தோல் குளிர்ந்திருக்கின்றது. கனத்த மணம் மெல்ல மெல்ல, சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. உரத்துப் பேசிய ஒருவர் தாழ்ந்த குரலிற் பேசத் தொடங்கினாற் போல, அதே ஊது இப்போது இனிக்கின்றது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். சந்தனம் குளிர்ச்சி என்றல்லவா நாம் கேள்விப்பட்டுள்ளோம்? வெயிற்காலத்திலே சந்தனம் பூசுவது அதனால் அன்றோ? அஃது உண்மையே. ஆயினும், அக்குளிர்ச்சியிற் பெரும்பகுதி சந்தனத்தை அரைக்கச் சேர்த்த நீரினுடையது. தோலின் வெப்பத்தை வாங்கி அந்நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கின்றது. நெடுநல்வாடையிலே மகளிர் சந்தனக்கல்லை ஒதுக்கியதும் இவ்வீரக் குளிர்ச்சிக்கு அஞ்சியே. நீர் சேராத சந்தன எண்ணெயோ குளிர்விப்பதில்லை. அதன் மணத்தைப் பாலையும் நெய்யையும் ஒத்த மென்மை உடையதென்றும், வெம்மை உடையதென்றும் மணநூலார் கூறுவர். வெம்மை என்பது இங்கே வெப்பமானியில் அளக்கத்தக்க சூடு அன்று. புதினாவின் சத்து நரம்பைத் தொட்டுக் குளிரை நினைப்பூட்டுகின்றது. மரமும் பிசினும் ஏலமும் கிராம்பும் அடுப்படியையும் உலர்ந்த துணியையும் அணைத்த கையையும் நினைப்பூட்டுகின்றன. அந்நினைப்பே வெம்மை.

வட இந்தியாவிலும் இவ்வறிவு உண்டு. உத்தரப்பிரதேசத்திலே கங்கைக்கு அண்மையில் உள்ள கன்னௌஜ் நகரம் பல நூற்றாண்டுகளாக அத்தர் வடித்தலுக்குப் பெயர்பெற்றது. செம்புக் கலத்திலே பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணாற் பூசி, கீழே விறகும் வறட்டியும் கொண்டு நெருப்பு மூட்டுவர். எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியாகச் சென்று, நீர்த்தொட்டியில் அமிழ்த்திய மற்றொரு செம்புக் கலத்தை அடையும். அக்கலத்துள்ளே சந்தன எண்ணெய் முன்னரே காத்திருக்கும். பூவின் மணத்தை அது வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும். மதுசாரம் சேராத இந்த அத்தரையே மார்க்கப் பேணுதல் உடையோர் பலர் விரும்புகின்றனர். அந்நகரிலே கோடைக்கு வெட்டிவேர் அத்தரும் உரோசா அத்தரும், முதல் மழைபட்ட மண்ணின் மணத்தைப் பிடித்து வைத்த மண் அத்தரும் விற்கப்படும். குளிர்காலத்துக்கு ஷமாமா என்னும் அத்தர். கிராம்பு, ஏலம், சாதிக்காய், சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு முதலிய பல சரக்குகளைப் படிப்படியாக வடித்துச் சேர்ப்பது அது. ஆக, மதுரையும் கன்னௌஜும் கல்முனையும் ஒரே பாடத்தை ஓதுகின்றன.

கீழைக் கரை முசுலிம் பெண்களின் வாழ்விலே இம்மணத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஆணின் நறுமணம் பிறருக்குப் புலப்படுவது. பெண்ணினதோ நிறம் புலப்பட்டு மணம் மறைந்திருப்பது என்னும் கருத்துடைய நபிமொழியொன்று உண்டு. அந்நியர் நடுவே மணம் பரப்பிச் செல்வதைப் பெண்களுக்கு மார்க்க அறிஞர் விலக்கினர். வீட்டிலோ, கணவனிடத்தும் உறவினரிடத்தும் பெண்களின் கூட்டத்தும் நறுமணம் விரும்பத்தக்கது. எனவே, நான்கு வீடு தள்ளியும் மணக்கும் பொருள் அங்கு நாகரிகம் ஆகாது. அருகில் வந்து அமர்ந்தவருக்கு மட்டும் தெரியும் மணமே நாகரிகம். தோலோடு ஒட்டி, தாழ்ந்து, நீடித்து நிற்கும் மரமணம் இவ்வொழுக்கத்திற்குத் தானாகவே இயைந்துவிட்டது.

மணப்பெண்ணின் அலங்காரத்திலும், பெருநாட் காலையிலும், மௌலூது ஓதும் சபையிலும், பிள்ளை பெற்ற தாயின் அறையிலும் சாம்பிராணியும் சந்தனமும் அத்தரும் இடம்பெறுகின்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகின்றது. அவர் அடங்கியுள்ள நாகூரிலே சந்தனக்கூடு பெருவிழா. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே அமைந்த காரைதீவின் கோயில்களிலும் அதே சந்தனமே நெற்றியில் இடப்படுகின்றது. மொழியாற் போலவே மணத்தாலும் இக்கரையின் மக்கள் ஒருவருக்கொருவர் அயலார் அல்லர்.

மணம் இருத்தலைப் போலவே அஃது இல்லாமையும் அங்கே பொருள் உடையது. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கின்றாள். அந்நாட்களில் அவள் நறுமணம் பூசுவதில்லை. வீட்டிலே அத்தர்க் குப்பி மூடியபடியே கிடக்கின்றது. அம்மூடி மீண்டும் திறக்கப்படும் நாள், அவள் வாழ்விற்குத் திரும்பும் நாள்.

மூக்கிற்கும் நினைவிற்கும் உள்ள நெருக்கம் உடற்கூற்றினாலும் விளங்குகின்றது. கண்டதும் கேட்டதும் மூளையின் நடுவே உள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்தே மேற்செல்லும். மணத்தின் செய்தியோ அவ்விடைநிலையத்தை முதலிற் கடவாமலே, உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய பகுதிகளைச் சென்று தொடுகின்றது. ஒரு பெட்டியைத் திறந்த அளவிலே, என்றோ மறைந்த தாயார் எதிரே நிற்பதுபோலத் தோன்றுவது இதனாலே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி, இதே மாரியின் நடுவே, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாட்டிலே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. ஆண்களைவிடப் பெண்களும் குழந்தைகளுமே அதிகமாக மாண்டனர். கடலோரத்து வீடுகள் தம்முள் இருந்த பெட்டி பேழைகளோடு போயின. படமும் பத்திரமும் இழந்த குடும்பங்களிலே, மறைந்தவரின் நினைவைத் திரும்பத் தரவல்லவற்றுள் ஒன்று அவர் பூசிய அத்தரின் மணம். இதனை எண்ணிப் பார்க்கும்போது, வாசனைத் திரவியம் வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை.

இனி, இம்மணத்தின் விலையை நோக்குவோம். விலை என்பது இங்கே பணம் மட்டும் அன்று.

நலமான அகில்மரத்தின் கட்டை வெளிறியது, இலேசானது, மணமற்றது. காற்றால் முறிந்தோ, புழு துளைத்தோ மரத்திற்குக் காயம் ஏற்பட்டு, அக்காயத்தின் வழியே பங்கசு தொற்றும்போது, தன்னைக் காக்க மரம் கரிய பிசினைச் சுரக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் கட்டையிலே ஊறிக் கறுக்கின்றது. முதிர்ந்த துண்டு நீரிலே இட்டால் அமிழும். சீனர் அதனை அமிழும் நறுமணம் என்றே அழைத்தனர். நாம் ஆடையிற் பூசுவது, ஒரு மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளச் சுரந்த மருந்தே ஆகும். காட்டிலே உள்ள எல்லா மரங்களிலும் இப்பிசின் இருப்பதில்லை. எம்மரத்தில் உள்ளது என்பதை வெளியே நின்று உறுதியாகக் கூறுதலும் அரிது. எனவே, தேடுவோர் ஒன்றைக் காணப் பலவற்றை வெட்டிச் சாய்த்தனர். காடுகள் வெறுமையுற்றன. அகில் இனங்களுள் ஒன்று 1995இலும், எஞ்சிய இனங்கள் அனைத்தும் 2005இலும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

இலங்கையிலும் இக்கதை தொடர்கின்றது. தென்மேற்கின் ஈரவலயத்திலே வல்லப்பட்டை என்னும் மரம் வளர்கின்றது. முன்னே அதன் பட்டையிலிருந்து நார் உரித்துக் கயிறு திரித்தனர். வேறு மதிப்பு அதற்கு இருந்ததில்லை. அஃது அகிலின் நெருங்கிய உறவினம் என்பதும், அதன் உள்ளே ஊதுக்கு நிகரான பிசின் விளைகின்றது என்பதும் 2012ஆம் ஆண்டையொட்டி வெளிப்பட்டன. அன்றுதொட்டுக் கள்ளர் கோடரி அதன்மேல் விழலாயிற்று. கட்டுநாயக்க விமான நிலையத்திலே பயணிகளின் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்ட வல்லப்பட்டைத் துண்டுகளைச் சுங்கத் திணைக்களத்தினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். சந்தனத்தின் நிலையும் இரங்கத்தக்கதே. பிற செடிகளின் வேரிலே தன் வேரைப் பொருத்தி உணவு பெறும் இம்மரம், நல்ல வயிரம் பாய முப்பது ஆண்டளவு காலம் கொள்கின்றது. அவ்வளவு பொறுமை வணிகத்திற்கு இல்லை.

மெய்ப்பொருள் அரிதாகவே பொய்ப்பொருள் பெருகுதல் இயல்பு. இலங்கையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது 1970களின் பிற்பகுதியிலே தொடங்கிற்று. 1980களிலிருந்து பெண்களும் பெருந்தொகையாகச் சென்றனர். கீழைக் கரையின் வீடுகளுக்கு ஊதும் பக்கூரும் நிறைய வந்து சேர்ந்தது அதன் பின்னரே. அவ்வாறு வருவனவற்றுட் பெரும்பாலானவை ஆய்வுகூடத்திற் செய்த மணப்பொருள்கள் சேர்ந்தவை. அதனாலேயே அவை தீயவை என்று கூறிவிட முடியாது. செயற்கைச் சந்தன மணமும் செயற்கை ஊதும் செவ்வனே செய்யப்பட்டால் இனியனவே, மரமும் தப்புகின்றது. குற்றம் யாதெனில், செயற்கையை இயற்கை என்று கூறி இயற்கையின் விலைக்கு விற்பதே. வெயிலிலும் வேற்று வீட்டிலும் உழைத்துச் சேர்த்த பணம் அவ்வாறு ஏமாற்றத்திலே கரைவது கொடுமை.

வாங்குவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். தூய ஊதெண்ணெய் மலிவாகக் கிடைப்பதில்லை; மலிவாகக் கொடுக்கப்படுமாயின் அது கலவை என்றே கொள்ளலாம். குப்பியைத் திறந்த கணத்திலே முடிவு செய்தல் கூடாது. ஒரு துளியை மணிக்கட்டில் இட்டு, உடனே ஒருமுறையும், ஒரு மணி நேரம் சென்று மறுமுறையும், மாலையில் மற்றொரு முறையும் முகர்ந்து பார்த்தல் வேண்டும். மெய்யான ஊது நேரத்தோடு மாறும். முதலிலே தொழுவமும் தோலும் போன்ற கடுமை தோன்றி, பின்னர் தேனும் மரமுமாகக் கனியும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இனிப்பாக நிற்பது பெரும்பாலும் செயற்கையே. கட்டையாக வாங்கும்போது ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம். சாயம் பூசியதாயின் துணி கறுக்கும். நீரில் அமிழ்வதை மட்டும் நம்புதல் போதாது. செயற்கையாக எடையேற்றிய கட்டையும் அமிழும்.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். அகிற்கட்டையை எரித்தல் தவறு, சூடாக்குதலே முறை. தணலின்மேல் மெல்லிய சாம்பற் படை தூவி, அதன்மேல் சிறு துண்டை வைத்தால் பிசின் உருகிக் கொதித்து மணம் எழும். தணலிலே நேரே இட்டால் கட்டை கருகிக் கரிப்புகையே மிஞ்சும். மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்த அறையிலே நெடுநேரம் புகையிடுதல் கேடு. தணலிலிருந்து எழும் நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாதது. புகையின் நுண்துகள் இழுப்பு நோயாளருக்கும், பச்சிளங் குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும் தீங்கு தருவது. ஆகவே, ஆடையையும் போர்வையையும் வேறோர் அறையிலே புகையிட்டு, சட்டியை அப்புறப்படுத்திய பின்னர் எடுத்து வழங்குவதே அறிவுடைமை. கூந்தலைப் புகையூட்டுவோர் தலைத்துணியின் நுனி தணலைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். அத்தரைச் சேலையின் வெளிப்புறத்திலே தடவினால் எண்ணெய்க் கறை படியும். காதின் பின்புறத்திலோ, மணிக்கட்டிலோ, மருதமுனைத் தறியில் நெய்த பருத்திச் சேலையின் உள்மடிப்பிலோ ஒரு துளி தொட்டு வைத்தாற் போதும்; பருத்தி அதனைப் பலநாள் காத்துத் தரும். குப்பியை வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். நல்ல சந்தனமும் ஊதும் அவ்வாறு வைத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல மேம்படும்.

ஒரு துளி போதும் என்பதே இவ்வளவிற்கும் சாரம். மாரியின் குளிர்ச்சி அத்துளியை நீடிக்கச் செய்கின்றது. பெண்ணின் ஒழுக்கம் அதற்கு மேல் வேண்டுவதில்லை. மரமும் அதற்கு மேல் தர வல்லது அன்று. மதுரை மகளிர் மாலையை ஒதுக்கிச் சில மலர்களோடு அமைந்து, ஒரு துண்டு அகிலைப் புகைத்தபோது அவர்களிடத்து வறுமை இருந்ததில்லை. பருவம் அறிந்த அளவே இருந்தது. கடல் இரையும் கீழைக் கரையிலே, கூரையில் மழை விழும் இரவிலே, காதின் பின்னே ஒரு துளி சந்தனத்தைத் தொட்டு வைத்துத் தன் பிள்ளையை அணைத்துக்கொள்ளும் தாயிடத்தும் அதே அளவு காணப்படுகின்றது. அப்பிள்ளை வளர்ந்து, தொலைதேசம் சென்று, என்றோ ஒருநாள் எங்கோ ஓர் அங்காடியிலே அம்மணத்தை எதிர்ப்படும்போது, கேளாமலே அதன் கண் கலங்கும். தாயார் விட்டுச் செல்லும் செல்வங்களுள் அதுவும் ஒன்று.